ஜூராவின் ஆப்ரிகாட்

இந்த ஜாடியில் விதை இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்திருப்பீர்கள். இல்லை; காகிதம்தான் இருக்கிறது. இத்தனை படி இறங்கி வந்ததற்கு வருந்துகிறேன். நிலவறையில் வெளிச்சம் போதாது, மேலே எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரமாக உட்கார்ந்து படியுங்கள். என் எழுத்து சிறியது, ஆனால் தெளிவாக இருக்கும். முப்பத்தொரு வருஷம் வானிலை நிலையத்தில் எண்கள் எழுதிய கை இது.

காகிதமும் அங்கே இருந்து வந்ததுதான். நாரின் நிலையத்தை மூடியபோது இரண்டு பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்று, தெர்மாமீட்டர் தொங்கும் வெள்ளைப் பெட்டி. அது இப்போது முற்றத்தில் நிற்கிறது. இன்னொன்று, எழுதப்படாத படிவக் கட்டுகள். ஏன் எடுக்கிறாய் என்று கேட்க அங்கே ஆளே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்து எழுத வேண்டும், அதுதான் என் வேலையாக இருந்தது. நிலையம் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. என் கால்களுக்கு மட்டும் அது தெரியவில்லை. விருந்துக்குப் போனாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போவேன். இதை எழுதும்போதும் எழுந்து எழுந்துதான் போகப்போகிறேன். குற்றம் செய்தவளின் தவிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது பார்த்துவிட்டு வந்தேன். மைனஸ் ஒன்பது. நவம்பருக்கு இது ஒரு குளிரே இல்லை.

நீங்கள் எங்கள் வட்டத்துக்குப் புதியவராக இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். குளிர் தாங்கும் மரம் வளர்க்கிற நாங்கள் எல்லோரும் நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் கூடுவோம். அல்தாயிலிருந்து தபாலில் வந்த காட்டு ஆப்பிள், மஞ்சூரியா வால்நட், யாரோ ஒருவர் பத்து வருஷம் பாடுபட்டுக் காய்க்க வைத்த பேரி, எல்லாம் மேசைக்கு வரும். காசு கிடையாது. ஒரு பொட்டலம் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். கொடுக்க ஒன்றுமில்லாதவர் சும்மாவே வாங்கிக்கொள்ளலாம், என்றைக்காவது கொடுத்தால் போதும். இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும் உண்டு. விதை வாங்குகிறவர் நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் அது முளைக்காது. கொடுத்தவர், முளைத்ததா என்று கேட்கக்கூடாது. கேட்டால் முளைத்ததும் கருகிவிடும். கேட்கவே கூடாது என்கிறபோது, முளைக்கவில்லை என்று யாரும் தானாக வந்து சொல்வதும் இல்லை. தந்த விதையைக் குறை சொல்வது, ஒரு வீட்டு ரொட்டியை வாங்கி அந்த வீட்டு வாசலிலேயே துப்புகிற மாதிரி. முளைக்காவிட்டால், எனக்குக் கைராசி இல்லை என்று தன் கையையே நொந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். படித்தவர்களும் இப்படித்தான். நானே விஞ்ஞான வேலை பார்த்தவள், நானும் இதை மீறியதில்லை.

ஆப்ரிகாட் பழமரம் எங்கள் மலை உயரத்தில் வராது. தெற்கே கதகதப்பான பட்கெனில் வரும், இஸிக்-குல் ஏரிக்கரையில் வரும். நாரினில் ஜனவரி மாதம் அடிமரமே வெடித்துவிடும். பக்கத்து ஊர் அட்பாஷி இன்னும் மோசம். ஆனால் அட்பாஷியில் அரசு லாரி கொட்டடிக்குப் பின்னால் ஒரே ஒரு மரம் நின்றது. பட்கென் டிரைவர்கள் தின்றுவிட்டுத் துப்பின கொட்டைகளில் ஒன்று. ஆயிரம் செத்திருக்கும், இது சாகவில்லை. அதைக் கண்டுபிடித்தவள் சோனுன். மழலையர் பள்ளியில் சமையல்காரி, என் வயதுதான், சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்த மரம் முதன்முதலில் பதினான்கு பழம் பழுத்தது. பதினான்கையும் அவளே பறித்தாள். அடுத்த பஸ்ஸிலேயே ஏறி நாரினுக்கு என்னிடம் வந்து, ஏழு விதையை என் மேசையில் எண்ணி வைத்தாள்.

"எதுக்குடி பாதி? நாலு குடு, போதும்" என்றேன்.

"உன் மேல பிரியத்துலயா குடுக்கிறேன்? என்னுது செத்தா உன்கிட்ட இருக்கும், உன்னுது செத்தா என்கிட்ட இருக்கும். எல்லாத்தையும் ஒரே அடுப்புல வச்சா, அது அணைஞ்சா சோறு ஏது?" என்றாள் சோனுன்.

சமையல்காரி பேச்சு. ஆனால் சரியான பேச்சு, அதை நான் அன்றும் ஒத்துக்கொண்டேன், இன்றும் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருஷமே லாரி கொட்டடியை யாரோ வாங்கினார்கள். வண்டி திருப்ப இடம் போதவில்லை என்று மரத்தை வெட்டினார்கள். சோனுனுடைய ஏழில் ஒன்று பிழைத்தது, என் ஏழில் ஒன்று. அவளுடையது வருஷாவருஷம் நுனி கருகி, மறுபடி துளிர்த்து, ஆள் உயரத்துக்கு மேல் போகாமல், ஒரு பூ கூடப் பூக்காமல் நின்றது. என்னுடையது முற்றத்தின் தெற்குச் சுவரை ஒட்டி வளர்ந்து ஒன்பதாவது வருஷம் மே மாதம் பூத்தது. முற்றம் முழுக்க வெளிர் ரோஜா நிறம். ஆகஸ்டில் அறுபத்திரண்டு பழம்.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தை மூடினார்கள். அதற்கு முன்பு நான் தெருவில் போனால், "ஜூராக்கா, நாளைக்கு உறைபனி உண்டா, உருளைக்கிழங்கைத் தோண்டிடலாமா?" என்று பத்துப் பேராவது நிறுத்திக் கேட்பார்கள். மூடின பிறகு ஒருவர் நிறுத்தவில்லை. கைபேசியில் பார்த்துக்கொண்டார்கள். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் மரம் பூத்தது. நாரின் டவுனே என் வேலியோரம் வந்து நின்றது. மாகாண டிவிக்காரர்கள் வந்து மைக்கை நீட்டினார்கள். "ஜூராவின் ஆப்ரிகாட்" என்று திரையில் எழுத்தில் போட்டார்கள். அதைப் பார்த்து சோனுன் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏ நடிகை, அந்தப் பச்சைத் தலைத்துணியை எதுக்குடி கட்டின, சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருக்க" என்று சிரித்தாள். தன் பெயரை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முகாஷை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாரினுக்கும் அட்பாஷிக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவன், எங்கள் பொட்டலங்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பவனும் அவனே. அந்த அக்டோபரில் என்னிடம் முதலில் விதை கேட்டவன் அவன். கேட்டுவிட்டு வேலியில் சாய்ந்து நின்றுகொண்டு பேசினான்.

"பாருங்க ஜூராக்கா, பத்து வருஷத்துல நாரின்ல வீட்டுக்கு ரெண்டு ஆப்ரிகாட் நிக்கும். உருளைக்கிழங்கு மாதிரி ஆயிடும். அப்புறம் உங்க வீட்டு வாசல்ல வந்து எவன் நிக்கப்போறான்? நீங்க பாட்டுக்கு நிம்மதியா கால நீட்டிப் படுக்கலாம்."

வேடிக்கைக்குச் சொன்னான். நல்ல பையன்தான். நான் அவனைப் பத்து நிமிஷம் வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சமோவாரில் தேநீருக்கான தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பத்து விதைகளை ஒரு கிண்ணத்தில் போட்டேன். சமோவாரின் குழாயைத் திறந்து அவற்றின் மேல் வெந்நீரை விட்டேன். தேநீர் இறங்குகிற நேரம்தான், அதற்கு மேல் இல்லை. துணியில் உருட்டித் துடைத்தேன், படிவக் காகிதத்தில் மடித்தேன், மேலே எழுதினேன்: பழைய நைலான் காலுறையில் ஈரமணலோடு கட்டி மூன்று மாதம் பனிக்கடியில் வைக்கவும், ஏப்ரலில் எடுக்கவும், பொறுமை தேவை, சில விதைகள் இரண்டாம் வருஷம் முளைக்கும். அந்தக் கடைசி வரி உண்மைதான். சில விதைகள் அப்படிச் செய்யும்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். கோபத்தில் செய்யவில்லை. பொறாமையா என்றால், என்னிடம் இல்லாதது அவனிடம் என்ன இருந்தது? என் மனது அன்று காலையிலிருந்து ஓர் இடத்தில் நிற்கவில்லை, கிண்ணத்தை வடித்த பிறகு நின்றது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. அன்று மதியம் நான்கு மணி நேரம் எழுந்திருக்காமல் தூங்கினேன். நிலையத்தில் சேர்ந்ததிலிருந்து அப்படி நான் தூங்கினதே இல்லை.

அதன் பிறகு எல்லா வருஷமும் அப்படியே செய்தேன். கேட்டவர் எவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கோச்கோரிலிருந்து வந்த ஆசிரியருக்குக் கொடுத்தேன், பர்னாவுல் நகரத்திலிருந்து எழுதிய கிழவருக்குத் தபாலில் அனுப்பினேன், அவர் பதிலுக்கு அனுப்பிய பிளம் விதைகளில் மூன்று என் வேலியோரம் நன்றாக வந்திருக்கின்றன. வட்டத்திலேயே தாராளமான கை ஜூராவின் கை என்று பெயர். என் பொட்டலத்தை மேசைக்கு நடுவில் வைப்பார்கள். ஏப்ரலில் எத்தனையோ வீடுகளில் காலுறைகளை அவிழ்த்து, மணலைக் கோதிப் பார்த்திருப்பார்கள். ஒருவரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. அடுத்த நவம்பரில் இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் வாங்கினார்கள். எனக்கென்று உயிருள்ள விதைகளை இந்த ஜாடியில் வைத்திருந்தேன். பழையதைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதியது நிரப்புவேன்.

எழுந்து போய்விட்டு வந்தேன். மைனஸ் பன்னிரண்டு. காற்று திரும்பியிருக்கிறது.

இனி சோனுன். இதைத்தான் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிகிறது, அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு அட்பாஷியில் மைனஸ் நாற்பத்தொன்று போன குளிர்காலத்தில் அவளுடைய குட்டை மரம் வேரோடு செத்தது. அக்டோபரில் வந்தாள். எண்ணெயில் தானே பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகள் ஒரு பை நிறைய. உட்காரக்கூட இல்லை.

"செத்துப்போச்சு ஜூரா. வேர் வரைக்கும் கறுப்பு. அதுக்குத்தானே அன்னைக்குப் பாதி குடுத்தேன். குடு" என்று கையை நீட்டினாள்.

நான் உள்ளே போனேன். பன்னிரண்டு விதைகள். ஜாடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம்; யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளுடைய கை எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். அவள் தொட்டால் வரும். வந்தால் தெருவுக்கெல்லாம் கொடுப்பாள், கேட்காதவன் சட்டைப் பையிலும் திணிப்பாள். எனவே வழக்கப்படியே செய்தேன்.

பொட்டலத்தை வாங்கியதும் அவள் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு, "நன்றிடி ஜூரா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ. சொல்லிட்டேனே."

"ஒண்ணும் ஆகாது, போ" என்றேன்.

"ஆகும்டி. பாவி வாய்." பொட்டலத்தின் மேல் மூன்று தரம் துப்புகிற மாதிரி செய்தாள். சிரிக்கவும் செய்தாள், ஆனால் பஸ் ஏறும் வரை அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள். இதை நான் திட்டமிடவில்லை. அவளாகச் சொன்னது.

அந்தக் குளிர்காலத்தில் அவள் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் டாக்டர் ஏப்ரலில் வரச் சொன்னார், வெட்டி எடுத்துவிடலாம், காலத்தில் வந்தால் பயமில்லை என்று சொன்னாராம். சோனுனுடைய மகள் மீர்குல் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். "பெரியம்மா, அம்மா வரமாட்டேங்குறா. நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா." முகாஷின் வேனில் போனேன்.

சோனுன் சமையலறையில் மணல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் காலுறையைப் பனியிலிருந்து எடுத்திருந்தாள். பன்னிரண்டும் மணலில் வரிசையாக இருந்தன, ஜன்னல் வெயில் படும்படி.

"ஆஸ்பத்திரின்னா ஒரு மாசம் ஆகும்" என்றாள் சோனுன். "இதுக்கு தினம் ஈரம் பாக்கணும். கூடினா அழுகும், குறைஞ்சா காயும். மீர்குல் கையில விட்டா சூப் ஊத்துறாப்ல ஊத்திடுவா."

"என்கிட்ட குடு. நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா" என்றேன். சொன்னேன். மீர்குல் பக்கத்தில்தான் இருந்தாள், அவளைக் கேளுங்கள்.

"குடுத்தவ கைக்கே திரும்பிப் போனா அது என்ன விதை? ஏற்கனவே ஒரு தப்பு பண்ணிட்டேன். இதையும் பண்ணச் சொல்றியா? முளை வரட்டும். வெள்ளையா ஒரு நுனி வரட்டும், அன்னைக்கே பஸ் ஏறிடறேன். சத்தியம்."

மீர்குல் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அது வராது சோனுன், நீ கிளம்பு. அதற்கு மேல் விளக்கம்கூட வேண்டியதில்லை. நான் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துவிட்டு, வந்து தேநீர் குடித்தேன். சோனுனுக்கு ஆஸ்பத்திரி என்றாலே சின்ன வயதிலிருந்து பயம். விதை இல்லாவிட்டாலும் வேறு ஒரு சாக்கு கண்டுபிடித்திருப்பாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இதைப் பல தடவை யோசித்துப் பார்த்து முடிவு செய்திருக்கிறேன்.

ஏப்ரல் போனது, மே போனது. இரண்டாம் வருஷம் முளைக்கும் என்று காகிதத்தில் எழுதியிருந்ததே, அதை நம்பிக் காத்திருந்தாள். இடையில் அந்த அக்டோபரில் மறுபடி வந்தாள். மெலிந்திருந்தாள். பஸ் நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாளாம். முளைக்கவில்லை என்று சொல்லவில்லை, அவள் அதைச் சொல்லமாட்டாள். "இன்னும் கொஞ்சம் இருந்தா குடு. இந்தத் தடவை வாயைத் தைச்சுக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் தடவையாவது நல்ல விதை கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. நானும் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அது முளைத்துவிட்டால், முதல் பன்னிரண்டு ஏன் முளைக்கவில்லை என்று அவள் யோசிப்பாள். கெட்டிக்காரி, பால் திரிந்தால் எந்த மாட்டினுடையது என்று மூக்கால் சொல்லிவிடுவாள். நாற்பது வருஷச் சினேகிதம். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. கிண்ணத்தை வடித்து, துடைத்து, மடித்துக் கொடுத்தேன். அவள் இரண்டு உதடுகளையும் பல்லுக்குள் மடித்து அழுத்திக்கொண்டு வாங்கினாள். கதவு வரை அப்படியே போனாள். தெருவில் போய் நின்றுதான் மூச்சுவிட்டாள்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் இறந்தாள். பிஷ்கெக்குக்குக் கொண்டுபோனபோது, இனி வெட்டிப் பயனில்லை என்றார்களாம். மணல் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். நான் ஏழாம் நாள் வரை அவள் வீட்டில்தான் இருந்தேன். சமையல் முழுவதும் என் தலைமையில் நடந்தது. எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள்.

மைனஸ் பதினைந்து. இது வேகமாக இறங்குகிறது. இன்றைக்கு முதல் நல்ல உறைபனி.

போன பிப்ரவரியில் என் மரம் செத்தது. ஒன்பது நாள் வெயில் காய்ந்து பிளஸ் ஆறு வரை போயிற்று, சாறு ஏறிவிட்டது, பத்தாம் நாள் விடிகாலை மைனஸ் முப்பத்தாறு. பட்டை மேலிருந்து கீழ் வரை திறந்துகொண்டது. மே மாதம் பூக்கவில்லை என்றதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். முகாஷ் அந்த அடிமரத்தைக் கையால் தடவிக்கொண்டே அழுதான்.

"வருஷா வருஷம் குடுத்தீங்களே அக்கா. ஒண்ணு, ஒரே ஒண்ணு எங்க கையில வந்திருந்தா, இன்னைக்கு உங்களுக்குத் திருப்பிக் குடுத்திருப்போமே. யார் கையும் ராசியில்லாமப் போச்சே. சொல்லக்கூடாது, சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க."

நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "உன் கையில ஒரு குறையுமில்ல" என்றேன். அதுவும் உண்மைதான். நான் பொய் சொல்லிப் பழகாதவள்.

மரம் போனது எனக்கு வலிக்கவில்லையா என்றால் வலித்தது. ஆனால் இன்னொன்றையும் கவனித்தேன். செத்த மரத்தைப் பார்க்கவும் வாசலில் ஆள் வந்தார்கள், பூத்தபோது வந்ததைவிட அதிகமாகவே. "ஜூராவின் ஆப்ரிகாட் இருந்தது" என்று இனி எப்போதும் பேசுவார்கள். இருக்கிறது என்பதைவிட அது உறுதியானது. அதற்கு உறைபனி கிடையாது.

அதற்குப் பிறகு உலகத்தில் அந்த மரம் மிச்சமிருந்தது இந்த ஜாடிக்குள் மட்டும்தான். முந்தின ஆகஸ்டில் நிரப்பியது. நாற்பத்தொரு விதைகள். எண்ணி வைத்திருந்தேன்.

நேற்று முன்தினம் மீர்குல் வந்தாள். அம்மாவின் சிரிப்பு அவளுக்கு இல்லை, தோள் மட்டும் உண்டு. பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, மேசைவிரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அம்மா கடைசியில ஒண்ணு சொன்னா. உங்ககிட்டச் சொல்லணும்னு சொன்னா, எனக்குத்தான் வாய் வரல."

"சொல்லு."

"'நான் நன்றி சொல்லித் தொலைச்சிட்டேன், அதான் வரல. ரெண்டாந்தடவையும் அந்தப் பாவந்தான் தொடர்ந்து வந்திருக்கு. ஜூரா பொத்திப் பொத்தி வச்ச விதைய வீணாக்கிட்டேன். எனக்காக நீ போய் மன்னிப்புக் கேளு'ன்னா." மீர்குல் எழுந்து வந்து என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "அதான் கேட்கிறேன். அம்மாவ மன்னிச்சிருங்க."

மன்னித்தேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அப்புறம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறேனா? இருந்தால் வரும் ஞாயிறு கூட்டத்தில் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிடலாம், நாரின், அட்பாஷி, கோச்கோர் என்று எல்லா இடத்திலும் வைத்தால் இனி ஒரே குளிரில் மொத்தமும் போகாது; முகாஷிடம் பேசிவிட்டாளாம், வீடுவீடாக அவனே கொண்டுபோவானாம். நல்ல ஏற்பாடு. அம்மாவின் மூளை.

"எத்தனை இருந்தாலும் குடுங்க பெரியம்மா. எல்லா வீட்லயும் நிக்கட்டும். 'சோனுன் மரம்'னு பேர் வைக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. கொட்டடில கண்டுபிடிச்சது அவதானே? உங்களுக்குச் சம்மதந்தானே?"

"நியாயம்தான்" என்றேன்.

நிலவறைக்கு இறங்கினேன். ஜாடியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். மீர்குல் வரப்போகிறாள் என்று சமோவாரை முன்பே மூட்டியிருந்தேன்; விருந்தாளிக்குத் தேநீர் வைக்காமல் இருப்பேனா. அது கொதித்துக்கொண்டிருந்தது. "நீ போய் முற்றத்துல மரத்தைப் பாத்துட்டு வா, அதுக்குள்ள தேநீர் இறங்கட்டும்" என்றேன். அவள் அங்கே அடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், ஜன்னலில் முதுகு தெரிந்தது. அம்மாவின் தோள். அரை மணி நேரம் நின்றாள். பெரிய கிண்ணமாக எடுத்துக்கொண்டேன், நாற்பத்தொன்றும் ஒரே தடவையில் முங்க வேண்டும் என்பதற்காக. பிறகு வடித்தேன், துடைத்தேன், படிவத்தில் மடித்தேன். எப்போதும் எழுதுவதையே மேலே எழுதினேன்.

உள்ளே வந்தபோது அவள் விரல்கள் விறைத்திருந்தன. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கதகதன்னு இருக்கே பெரியம்மா."

"அடுப்புப் பக்கம் வச்சிருந்தேன். ஈரம் போகட்டும்னு."

அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். உதடு அசைந்தது, நன்றி என்று வரப்போவது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அப்படியே பூட்ஸை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அம்மாவைவிட இவள் கவனமானவள்.

ஆகவே இந்த ஜாடி காலி. நீங்கள் தேடி வந்தது எங்கேயும் இல்லை. அன்று மதியம் நன்றாகத் தூங்குவேன் என்று எதிர்பார்த்தேன், தூக்கம் வரவில்லை, நேற்றும் வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். குளிர் கூடக்கூட ஊரெங்கும் காலுறைகளைத் தேடி எடுத்துக்கொண்டிருப்பார்கள். மணல் சலிப்பார்கள். மீர்குல்லிடம் கைராசி இருக்கும் என்று பேசிக்கொள்வார்கள்.

வெளியே மைனஸ் பதினெட்டு. விதைக்கு இதுதான் நல்ல குளிர்.

ஏப்ரலில் மீர்குல்லைப் பார்ப்பேன், பஸ் நிலையத்திலோ கடையிலோ. அவள் முகத்தைப் பார்க்கவும் செய்வேன். ஆனால் முளைத்ததா என்று கேட்கமாட்டேன். கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது, அதை நான் ஒருநாளும் மீறியதில்லை.